வீட்டிலேயே வாசனை மெழுகுவர்த்தி: எந்த மெழுகு எடுத்தா கையில காசு நிக்கும்?



சைடு இன்கம் பற்றி வீடியோ போட்டாலே வர்ற கேள்விகளில் ஒண்ணு இது: "வீட்டுல சென்டட் கேண்டில் செஞ்சு வித்தா லாபம் வருமா? சோயா மெழுகு வாங்கறதா, பாரஃபின் வாங்கறதா?"

லாபம் வரும். ஆனா பல பேர் நினைக்கிற இடத்தில் இருந்து வராது. மெழுகு விலையைக் குறைச்சா லாபம் கூடும்னு தான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். கணக்கு போட்டுப் பார்த்தா, ஒரு ஜார் மெழுகுவர்த்தியில் மெழுகை விட ஜாரும் பெட்டியும் தான் அதிகம் சாப்பிடுது. அதைவிட அதிகம் சாப்பிடுறது விக்காம அலமாரியில் நிக்கிற சரக்கு. இந்தப் பதிவில் மெழுகு வகைகள், செய்முறை, ஒரு பீஸுக்கான முழுச் செலவு, கடைசியா வரி விஷயம்னு வரிசையா பார்த்துடலாம்.

எந்த மெழுகு எதுக்கு?

பாரஃபின்: பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கிடைக்கிற மெழுகு. விலை குறைவு, எளிதா கிடைக்கும், வாசனையை நல்லா வெளியே தள்ளும். இதில் ரெண்டு தரம் உண்டு. ஜாரில் ஊத்த மென்மையான வகை, மோல்டில் ஊத்தி எடுக்க 58 டிகிரிக்கு மேல் உருகும் கெட்டியான வகை. கடையில் சும்மா "பாரஃபின் குடுங்க"ன்னு கேட்காம, உருகுநிலை என்னன்னு கேட்டு வாங்குங்க. ஆறும்போது சுருங்கும். அதனால நடுவில் பள்ளம் விழும். கொஞ்சம் மெழுகு மிச்சம் வச்சு ரெண்டாவது தடவை ஊத்தணும்.

சோயா: சோயா எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்யறது. ஜார் வகை பெரும்பாலும் 50 டிகிரி பக்கத்தில் உருகிடும். மென்மையானது, அதனால ஜாருக்குத் தான் சரி. மேல் பக்கம் வெள்ளையா பூத்த மாதிரி வரும். அது கெட்டுப்போனது இல்லை, சோயாவோட இயல்பு. வாசனை முழுசா செட் ஆக ஒரு வாரத்தில் இருந்து ரெண்டு வாரம் வரை மூடி வைக்கணும். நம்ம ஊர் சித்திரை வைகாசி வெயிலில், மூடின கூரியர் வண்டிக்குள்ள இது இளகிடும், எண்ணெய் வியர்க்கும். கோடையில் வெளியூர் அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க.

தேன்மெழுகு: உருகுநிலை 62 முதல் 64 டிகிரி. வெயில் தாங்கும், நிதானமா எரியும், அதுக்கே ஒரு தேன் வாசனை உண்டு. அதனாலேயே நாம சேர்க்கிற மல்லிகையோ லாவெண்டரோ அதில் எடுபடாது. விலையும் ரொம்ப அதிகம். முதல் முயற்சிக்கு வேண்டாம்.

தேங்காய் மெழுகு: தனியா இருந்தா ரொம்ப மென்மை. பெரும்பாலும் வேற மெழுகோட கலந்து தான் விக்கிறாங்க. என்ன கலந்திருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்காம லேபிளில் "100% தேங்காய்"னு போடாதீங்க.

ஜெல்: கண்ணாடி மாதிரி தெரியும், உள்ளே சங்கு, கூழாங்கல் வச்சு அலங்காரம் பண்ணலாம். பார்க்க அழகு. ஆனா எல்லா வாசனை எண்ணெயும் இதில் கலக்காது. ஒத்துவராத எண்ணெய் போட்டா கலங்கிடும். ஜெல்லுக்குன்னு சொல்லி விக்கிற எண்ணெய் தான் வாங்கணும். கை பழகின பிறகு தொடலாம்.

மெழுகு மாறினா திரியும் மாறணும்

இதை நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். ஆரம்பத்தில் பாரஃபினில் ஜார் செஞ்சேன், நல்லா எரிஞ்சது. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஆபீஸ் வட்டாரத்தில் 30 பீஸ் ஆர்டர் வந்தது, ஒண்ணு 300 ரூபாய். "சோயான்னு போட்டா மதிப்பு"ன்னு மெழுகை மட்டும் மாத்தினேன். திரி அதே பழைய திரி. எரிச்சுப் பார்க்க நேரம் இல்லைன்னு அப்படியே குடுத்துட்டேன்.

சோயாவுக்குப் பொதுவா கொஞ்சம் தடிமனான திரி தேவைப்படும். என்னோட திரி நடுவில் ஒரு குழி தோண்டிக்கிட்டே கீழே போச்சு; ஓரத்தில் மெழுகு உருகவே இல்லை. கொஞ்ச நேரத்தில் திரி உருகின மெழுகில் மூழ்கி அணைஞ்சது. வாசனையும் வரலை, ஏன்னா செட் ஆக விட்டதே நாலு நாள் தான். 9,000 ரூபாயையும் திருப்பிக் குடுத்தேன். பொருள் செலவு 5,600 ரூபாய்க்கு மேல அப்படியே போச்சு. 9 டெஸ்ட் பீஸ் எரிச்சுப் பார்த்திருந்தா 1,350 ரூபாயில் முடிஞ்சிருக்கும்.

அதனால மெழுகு, ஜார், வாசனை, திரி இந்த நாலில் எதை மாத்தினாலும் அது புதுப் பொருள்னு நினைச்சுக்கோங்க. திரும்ப எரிச்சுப் பார்க்கணும்.

எப்படிச் சோதிக்கிறது? ஒரே ஜாரில் மூணு அளவு திரி போட்டு மூணு பீஸ் செய்யுங்க. மூணு வாசனைன்னா ஒன்பது பீஸ். மூணுல இருந்து நாலு மணி நேரம் எரிய விடுங்க. உருகின மெழுகு ஜாரோட ஓரம் வரை போயிருக்கணும். போகலைன்னா திரி சின்னது. தீ உயரமா ஆடி, புகை வந்து, ஜார் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டா திரி பெருசு. ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும் திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டிட்டு ஏத்துங்க. ஜார் தீரும் வரை இந்தச் சோதனையைத் தொடரணும், ஏன்னா அடியில் தான் கண்ணாடி அதிகம் சூடாகும்.

செய்முறை: 10 சோயா ஜார்

200 மில்லி ஜார், ஒவ்வொண்ணிலும் 150 கிராம் மெழுகு, அதில் 8 சதவீதம் வாசனை எண்ணெய், அதாவது 12 கிராம். பத்துக்கு 1.5 கிலோ மெழுகு, 120 கிராம் எண்ணெய். எல்லாத்தையும் எடை போட்டு அளங்க. மில்லி கணக்கில் ஊத்தினா ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு மாதிரி வரும்.

1. சூடு தாங்குற தடிமனான ஜாரா வாங்குங்க. கழுவி, சொட்டு ஈரம் இல்லாம காய வச்சு, திரியை அடியில் நடுவில் ஒட்டுங்க.
2. பெரிய பாத்திரத்தில் தண்ணி வச்சு, அதுக்குள்ள மெழுகுப் பாத்திரத்தை வைங்க. நேரடியா அடுப்பில் வைக்காதீங்க.
3. மெழுகு 80 முதல் 85 டிகிரி வந்ததும் இறக்கி, வாசனை எண்ணெயை ஊத்தி ரெண்டு நிமிஷம் மெதுவா கலக்குங்க.
4. 55 முதல் 60 டிகிரிக்கு ஆறினதும் ஜாரில் ஊத்துங்க. உங்க மெழுகோட குறிப்புத் தாளில் வேற அளவு இருந்தா அதையே பின்பற்றுங்க. பாரஃபின்னா இதைவிடச் சூடா, 70 டிகிரிக்கு மேல் ஊத்துவாங்க.
5. ஃபேன் காத்து நேரா படாத இடத்தில் ஒரு ராத்திரி விடுங்க. பிறகு மூடி போட்டுத் தேதி எழுதி ரெண்டு வாரம் வைங்க.

அலங்காரம் பற்றி ரெண்டு வார்த்தை. காய்ந்த ரோஜா இதழ், பட்டை, ஏலக்காய் எல்லாம் மேல தூவி நிறைய பேர் ரீல்ஸ் போடுறாங்க. திரி பக்கத்தில் இருந்தா அதுவும் தீப்பிடிக்கும். போட்டோவுக்கு ஜாருக்கு வெளியே வைங்க. கலருக்கு கிரேயான் உருக்கிப் போடாதீங்க, திரி அடைச்சுக்கும். மெழுகுக்கான கலர் தனியா கிடைக்கும்.

பாதுகாப்பு: உருகுற மெழுகை விட்டுட்டு மீட்டிங் கால் எடுக்கப் போகாதீங்க. ஒருவேளை மெழுகு தீப்பிடிச்சா தண்ணி ஊத்தவே கூடாது, தீ இன்னும் பெருசா கிளம்பும். அடுப்பை அணைச்சு, மூடி போட்டு மூடுங்க. மீதி மெழுகை சிங்க்கில் ஊத்தாதீங்க, பைப்பில் உறைஞ்சு அடைச்சுக்கும்.

இப்போ காசுக் கணக்கு

கீழே இருக்கிற விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை. ஊருக்கு ஊர், வாங்குற அளவுக்குத் தகுந்த மாதிரி மாறும். உங்க பில்லில் இருக்கிற விலையைப் போட்டுக்கோங்க. முறை மட்டும் இது தான்.

ஒரு சோயா ஜார்:

- மெழுகு 150 கிராம், கிலோ 400 ரூபாய்: ₹60
- வாசனை எண்ணெய் 12 கிராம், கிலோ 2,000 ரூபாய்: ₹24
- மூடியோட ஜார்: ₹55
- திரி, ஸ்டிக்கர்: ₹6
- லேபிள்: ₹5
- பெட்டி: ₹25
- கேஸ் அல்லது கரண்ட்: ₹3
- சேதாரம் 5 சதவீதம்: ₹9

மொத்தம் ₹187.

இதே ஜாரில் கிலோ 180 ரூபாய் பாரஃபின் போட்டா மெழுகுச் செலவு ₹27 ஆகும். மொத்தம் ₹152. கிலோவுக்கு 220 ரூபாய் வித்தியாசம் இருந்தும், ஒரு பீஸில் மிச்சம் வெறும் 35 ரூபாய். ஜாரும் பெட்டியும் மட்டும் 80 ரூபாய்! அப்போ விலை பேச வேண்டியது மெழுகுக் கடையில் இல்லை, ஜார் கடையில்.

மூணாவது வழி, ஜாரே இல்லாத மோல்டு மெழுகுவர்த்தி. இன்ஸ்டாவில் பார்க்கிற பபிள் கேண்டில், பூ வடிவம் எல்லாம் இந்த வகை. கெட்டி பாரஃபின் 110 கிராம் ₹20, கெட்டித்தன்மைக்கு ஸ்டியரிக் ஆசிட் 10 கிராம் ₹2, வாசனை 7 கிராம் ₹14, திரி ₹3, லேபிள் ₹3, சின்னப் பெட்டி ₹15, கேஸ் ₹2, சேதாரம் ₹3. மொத்தம் ₹62. மோல்டு ஒரு தடவை செலவு, அதைத் தனியா எழுதி வைங்க.

விற்கலைன்னா என்ன ஆகும்?

யூடியூபில் சைடு பிசினஸ் வீடியோக்கள் தாண்டிப் போற கணக்கு இது தான்.

சோயா ஜாரை 350 ரூபாய்க்கு விக்கிறீங்கன்னு வைங்க. ஒரு பீஸில் ₹163 நிக்குது. 20 செஞ்சு 20-ம் வித்தா ₹3,260. சூப்பர்.

20 செஞ்சு 10 தான் வித்தது? வந்தது ₹3,500. செலவு 20 × 187 = ₹3,740. பாதி சரக்கு வித்தும் கையை விட்டு 240 ரூபாய் போயிருக்கு. "பீஸுக்கு 163 ரூபாய் லாபம்"னு நம்பிக்கிட்டே நஷ்டத்தில் உக்காந்திருப்போம்.

மோல்டு வகையை 150 ரூபாய்க்கு வித்தா பீஸுக்கு ₹88 தான் நிக்குது. ஆனா 20 செஞ்சு 10 வித்தா வரவு ₹1,500, செலவு ₹1,240. அப்பவும் 260 ரூபாய் கையில் இருக்கும். விக்காததை உருக்கித் திரும்பவும் ஊத்தலாம். வாசனை கொஞ்சம் குறையும், அதைச் சேர்த்துக்கணும். முதல் ஆறு மாசத்துக்கு லாப சதவீதத்தை விட, விக்காம போனா எவ்வளவு மாட்டும்கிறது தான் முக்கியம். அதனால தான் ஆரம்பிக்கிறவங்களுக்கு மோல்டு பாரஃபின், ஆர்டர் வந்தா மட்டும் சோயா ஜார்னு சொல்றேன்.

கடையில் வைக்கலாமேன்னு தோணும். கடைக்காரர் 35 சதவீதம் கேட்டாருன்னு வைங்க. 350-ல் உங்களுக்கு வர்றது சுமார் ₹227. அதில் 187 போனா 40 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஸ்டால் போட 1,500 ரூபாய் வாடகைன்னா, முதல் 10 ஜார் வாடகைக்கே போயிடும். பதினொண்ணாவது ஜார்ல இருந்து தான் உங்களுக்கு. விலை வைக்கும்போதே எந்த வழியில் விக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு வைங்க.

உங்க நேரத்துக்கு என்ன விலை?

கையில் 30,000 ரூபாய் சம்பளம், மாசம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா, உங்க ஒரு மணி நேரம் 150 ரூபாய்.

10 ஜார் செய்ய, ஜார் கழுவறதில் இருந்து லேபிள் ஒட்டற வரை சுமார் 3 மணி நேரம். போட்டோ, வாட்ஸ்அப் பதில், பேக்கிங், கூரியர் ஆபீஸ் வரிசை இதெல்லாம் சேர்த்து இன்னும் 2 மணி நேரம். ஆக ஒரு ஜாருக்கு அரை மணி நேரம். நேரா வித்து ₹163 நின்னா, மணிக்கு ₹326. சம்பளத்தை விட ரெண்டு மடங்குக்கும் மேல, நல்ல விஷயம். கடை வழியா போய் ₹40 நின்னா, பேக்கிங் நேரத்தைக் கழிச்சுப் பார்த்தாலும் சம்பளத்தை விடக் கம்மி. அதுக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம்!

எவ்வளவு முதல் போடலாம்?

தெர்மாமீட்டர் ₹300, எடை மெஷின் ₹500, ஊத்துற பாத்திரம் ₹500. மொத்தம் ₹1,300. பெட்டி, லேபிள் இல்லாம 9 டெஸ்ட் ஜார், தலா சுமார் 150 ரூபாய்னு ₹1,350. ரெண்டும் சேர்த்து ₹2,650. பீஸுக்கு ₹163 நின்னா, 17-வது ஜார் விக்கும்போது தான் போட்ட காசு திரும்பும். அதுவரை லாபம்னு எதையும் எடுத்துச் செலவு பண்ணாதீங்க.

மூணு விதி வச்சுக்கோங்க:

- எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்காதீங்க. கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில் 25 கிலோ மெழுகு வேண்டவே வேண்டாம். கிலோவுக்கு 40 ரூபாய் குறையுதுன்னு மூட்டையா வாங்கி வச்சா, அது மிச்சம் இல்லை, முடங்கின காசு.
- தனி பேங்க் அக்கவுன்ட், தனி யுபிஐ. சம்பள அக்கவுன்ட்டில் கலந்தா லாபமா நஷ்டமான்னே தெரியாது.
- பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கிட்டு ஊத்துங்க. சோயாவுக்கு ரெண்டு வாரம் செட் ஆகணும். தீபாவளி ஆர்டர்னா மூணு வாரம் முன்னாடியே மெழுகு உருகணும். அந்த மூணு வாரமும் உங்க காசு ஜாருக்குள்ள தான் இருக்கும்.

வரி, விதி, ஆபீஸ்

ஐடிஆர்: இது தொழில் வருமானம். சம்பளத்தோட சேர்த்துக் காட்டணும், ஐடிஆர்-1 போட முடியாது. சின்ன அளவில் இருந்தா பிரிசம்ப்டிவ் முறையில் ஐடிஆர்-4 போடலாம். வித்த தொகையில் டிஜிட்டலா வந்ததுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் குறைந்தபட்ச லாபமா காட்டணும். உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதையே காட்டுங்க.

பழைய முறையா, புதிய முறையா: இது நிறைய பேருக்குத் தெரியாது. சம்பளம் மட்டும் இருக்கிறவங்க வருஷா வருஷம் வரி முறையை மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருந்தா அந்த வசதி இல்லை. பழைய முறைக்குப் போயிட்டு ஒரு தடவை புதிய முறைக்குத் திரும்பிட்டா, தொழில் வருமானம் இருக்கிற வரை மறுபடியும் பழையதுக்குப் போக முடியாது. வீட்டுக் கடன், 80சி-ன்னு பழைய முறையில் இருக்கிறவங்க, 3,000 ரூபாய் சைடு இன்கமுக்காக இதில் மாட்டறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

ஜிஎஸ்டி: தமிழ்நாட்டுக்குள்ளேயே பொருள் விக்கிறவங்களுக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினா தான் பதிவு. வெளி மாநிலத்துக்கு விக்க ஆரம்பிச்சா பொதுவா அளவு எவ்வளவா இருந்தாலும் பதிவு தேவை. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. உங்க பொருள் அதில் வருதான்னு கேட்டுட்டு பெங்களூருக்குப் பார்சல் போடுங்க.

லேபிள்: பேக் பண்ணி விக்கிற பொருளில் பெயர், முகவரி, நிகர எடை, செஞ்ச மாசம் வருஷம், எம்ஆர்பி இருக்கணும். "குழந்தைகள் கைக்கு எட்டாம வைக்கவும், எரியும்போது தனியா விடாதீர்கள்"னு எச்சரிக்கையும் போடுங்க. "புகையே வராது, கெமிக்கலே இல்லை"ன்னு போடாதீங்க. எந்த மெழுகு எரிஞ்சாலும் கொஞ்சமாவது கரி வரும்.

உத்யம் பதிவு: இலவசம். அரசு தளத்தில் ஆதாரை வச்சு நீங்களே பண்ணலாம். காசு கேட்கிற தளமா இருந்தா மூடிட்டு வெளியே வாங்க.

ஆபர் லெட்டர்: வேற தொழில் செய்யக் கூடாதுன்னு உங்க வேலை ஒப்பந்தத்தில் இருக்கான்னு பாருங்க. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கேண்டில் போட்டோ போடறதுக்கு முன்னாடியே பாருங்க!

இந்த வாரம் என்ன பண்ணலாம்?

மெழுகு ஆர்டர் போடாதீங்க. ஒரு பேப்பர் எடுத்து மூணு வரி எழுதுங்க: ஒரு பீஸுக்கு என்ன செலவு, யாருக்கு எந்த வழியில் விக்கப் போறேன், பாதி விக்காம போனா எவ்வளவு போகும். அந்த மூணாவது வரியில் வர்ற தொகை போனாலும் இந்த மாச வாடகையோ எஸ்ஐபி-யோ தடுமாறாதுன்னா, ரெண்டு கிலோ வாங்கி ஆரம்பிங்க. தடுமாறும்னா, முதல்ல அஞ்சு பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்குங்க. அதுவரைக்கும் அடுப்பைப் பத்த வைக்காதீங்க.

கணக்கு போட்டுப் பார்த்து எவ்வளவு வருதுன்னு நம்ம சேனலில் சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.